ஒரே கை, வேறு வேறு ஊடகங்கள்

ஓவியம் படிக்கிற யாரையும் விடாமல் துரத்தும் ஒரு கேள்வி உண்டு: "உன் மீடியம் எது?" ஆசிரியர்கள் கேட்பார்கள், கூடப் படிக்கிறவர்கள் கேட்பார்கள், கண்காட்சிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். "நான் வாட்டர் கலர்", "நான் பிரிண்ட்மேக்கிங்" என்று பட்டென்று சொல்லிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அப்படி ஒரு பதில் எனக்கு இன்னும் அமையவில்லை. ஆனால் கரி, நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம், லினோ, களிமண் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டிருக்கிறது. ஒவ்வொரு ஊடகமும் நம்மை ஒவ்வொரு நேரத்தில் முடிவெடுக்கச் சொல்கிறது. சில ஊடகங்களில் கடைசி நிமிடம் வரை யோசிக்கலாம். சிலவற்றில் தாளைத் தொடுவதற்கு முன்பே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இந்த வித்தியாசம் வரைகிற ஆளையே மாற்றிவிடுகிறது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

எல்லா ஊடகத்திலும் நான் வரைந்து பார்ப்பது என் இடது கையை. கேட்ட நேரத்தில், கேட்டபடி அசையாமல் இருக்கிற மாடல் அது. அதோடு கை சுலபமான உருவமும் இல்லை. விரல் மூட்டுகளின் மடிப்பு, நகத்தின் பளபளப்பு, புறங்கை நரம்பு, கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதை மேடு என்று எல்லாமே வேறு வேறு விதமாக இருக்கும். ஒரு ஊடகத்தால் எது முடியும், எது முடியாது என்பதை அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

கரியில் தொடங்கினேன். முதல் வருடத்தில் எல்லோரும் அதில்தான் தொடங்குவார்கள். வில்லோ அல்லது திராட்சைக் குச்சிகளைக் காற்றுப் புகாமல் சுட்டெடுத்த மெல்லிய கரிக்குச்சி. அதில் பிசின் எதுவும் கிடையாது. காகிதத்தின் சொரசொரப்பில் கரித்தூள் சும்மா உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். விரலால் தட்டினால் பாதி உதிர்ந்துவிடும். கரித்தூளைப் பசை சேர்த்து அழுத்திச் செய்கிற இன்னொரு வகை உண்டு. அது நல்ல கறுப்பைக் கொடுக்கும், ஆனால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. அதனால் முதலில் குச்சிக் கரி, கடைசியில்தான் அழுத்திய கரி என்று சொல்லித் தருவார்கள்.

கரியில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அழிப்பது. தாள் முழுக்கக் கரியைத் தேய்த்துச் சாம்பல் நிறமாக்கிவிட்டு, கையால் பிசைந்து எந்த வடிவத்துக்கும் கொண்டுவரக்கூடிய மென்மையான ரப்பரால் ஒளியை எடுக்க வேண்டும். அந்த ரப்பரின் நுனியைக் கூர்மையாகத் திருகி நகத்தின் மேல் ஒற்றினால் ஒரு வெளிச்சப் புள்ளி வரும். புறங்கை எலும்பின் மேல் லேசாக இழுத்தால் அது மேலெழும். அப்போது நான் கோடு போடுவதே இல்லை. ஒரு விரல் எங்கே முடிகிறது என்று தீர்மானிக்காமலேயே அரை மணி நேரம் ஓட்டலாம். நிழலுக்குள் விரல் கரைந்து கிடக்கும், வேண்டும் என்று தோன்றும்போது வெளியே எடுக்கலாம். கரித்தூளைத் தாளில் பிடித்து நிறுத்துகிற ஃபிக்சட்டிவ் அடிக்கும்வரை எதுவும் உறுதியில்லை. தயங்குகிறவர்களுக்குக் கரி மாதிரி அனுசரணையான பொருள் வேறில்லை.

அந்தப் பழக்கத்தோடு நீர்வண்ணத்துக்குப் போனால் முதல் நாளே ஆட்டம் மாறிவிடும். நல்ல நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது காகிதம்தான். நகத்தின் பளபளப்பு வேண்டுமென்றால் அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும். அதாவது, கரியில் கடைசியாகச் செய்த வேலையை இங்கே முதலில் செய்ய வேண்டியிருக்கிறது. வெளிச்சம் எங்கே என்பது தூரிகை நனைவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால் நீர்வண்ணக்காரர்கள் வரைவதைவிடப் பார்ப்பதில் அதிக நேரம் செலவிடுகிறார்கள். பக்கத்தில் இருந்து கவனித்தால் அவர்கள் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும். திடீரென்று தண்ணீரில் கரைத்த நிறத்தை நாலு வாஷாகப் பரப்பி முடித்துவிடுவார்கள்.

பொருளின் இயல்பைப் புரிந்துகொண்டால் இதில் பாதி பயம் போய்விடும். நிறத்தூளோடு கம் அரபிக் என்கிற மரப்பிசின் கலந்ததுதான் நீர்வண்ணம். ஈரமான வாஷ் காயும்போது ஓரத்தில்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகும். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடும், போகும்போது நிறத்தூளையும் இழுத்துக்கொண்டு போகும். நீர்வண்ண ஓவியங்களில் நிறப்பரப்பின் விளிம்பில் ஒரு அடர்ந்த கோடு தெரிகிறதே, அது இப்படி வருவதுதான். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் புதிதாகத் தண்ணீர் சொட்டினால் அது நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூ மாதிரி விரிந்து நிற்கும். நிறத்துக்கு நிறம் குணமும் மாறும். அல்ட்ராமரின் நீலத்தின் துகள்கள் காகிதக் குழிகளில் மணல் மாதிரி படியும். தாலோ நீலத்தின் துகள்கள் மிக நுண்மையானவை, நாருக்குள் கறையாக ஏறிவிடும், கழுவினாலும் போகாது. என் புறங்கை நரம்புக்கு அல்ட்ராமரின் வைத்தபோது தோலின் சொரசொரப்பு தானாகவே வந்தது. அதை நான் வரையவில்லை, நிறத்தூளே வரைந்து கொடுத்தது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதத்தை ஆசிரியர்கள் ஏன் வற்புறுத்துகிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. மெல்லிய தாள் நனைந்ததும் அலை அலையாக எழும்பும். தண்ணீர் பள்ளத்தில் தேங்கும். அப்புறம் அந்த இடத்தில் என்ன வரும் என்பதை நம்மால் தீர்மானிக்க முடியாது.

எண்ணெய் வண்ணம் இதற்கு நேர் எதிர். அது காய்வதே வேறு விதம். ஆளி விதை எண்ணெய் ஆவியாகிப் போவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கெட்டியான படலமாக மாறுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே நாள்கணக்கில் ஆகும், உள்ளே முழுதாக இறுகப் பல மாதங்கள். மேல் அடுக்கில் எண்ணெய் அதிகமாகவும் கீழ் அடுக்கில் குறைவாகவும் இருக்க வேண்டும் என்கிற விதி இதனால் வந்ததுதான். மேலே சீக்கிரம் இறுகி, கீழே இன்னும் அசைந்துகொண்டிருந்தால் படலம் வெடிக்கும். அம்பர் மாதிரியான மண்நிறங்களில் மாங்கனீசு இருப்பதால் அவை சீக்கிரம் காயும். அடித்தளத்துக்கு அவற்றைப் பயன்படுத்துவது அதனால்தான்.

அந்த மெதுவான காய்தல் கொடுக்கிற சுதந்திரம் அபாரமானது. நேற்று வைத்த விரலை இன்று நகர்த்தலாம். பிடிக்காததைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். பெரிய ஓவியர்களும் அப்படித்தான் வேலை செய்திருக்கிறார்கள். ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1630களில் தீட்டிய, நான்காம் பிலிப் மன்னர் குதிரையில் அமர்ந்திருக்கும் ஓவியத்தில் குதிரையின் கால்களைப் பாருங்கள். முதலில் ஓரிடத்தில் வைத்து, பிறகு மனம் மாறி வேறிடத்தில் வைத்திருக்கிறார். காலம் போகப் போக எண்ணெய்ப் படலம் ஒளி ஊடுருவும் தன்மை பெற்று, அடியில் மறைத்த பழைய கால்கள் நிழலாக மேலே வந்துவிட்டன. எனக்கு அந்த ஓவியத்தில் மன்னரைவிட அந்தக் கால்கள்தான் பிடிக்கும். ஒருவர் யோசித்தது அப்படியே தெரிகிறது.

ஆனால் எனக்கு எண்ணெய் வண்ணத்தில் ஒரு சங்கடம் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் எப்போது நிறுத்துவது? கையின் படம் நன்றாக வந்த ஒரு கட்டம் இருந்தது, அதைத் தாண்டியும் வேலை ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்துவதற்கான முடிவை ஊடகம் எடுத்துத் தராது. அக்ரிலிக்கில் இந்தப் பிரச்சினை இல்லை. தண்ணீர் ஆவியானதும் இறுகிவிடும், சில நிமிடங்கள்தான். அதில் பழக வேண்டியது வேறொன்று. ஈரத்தில் பால்போல இருக்கிற பசை காய்ந்ததும் தெளிவாகிவிடுவதால் நிறம் ஒரு படி இருண்டுபோகும். கலக்கும்போதே அதற்கு இடம் விட்டுக் கலக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பேஸ்டலைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அழகான பொருள், ஆனால் என் கைக்கு அது கரியின் வண்ணப் பதிப்பாகவே இருந்தது.

லினோவுக்கு, அதாவது லினோலியத் துண்டில் உளியால் வெட்டி, மை உருட்டித் தாளில் அச்செடுக்கிற முறைக்கு, வந்தபோதுதான் உள்ளுக்குள் ஏதோ திரும்பியது. 1860களில் ஃபிரெடரிக் வால்டன் என்கிற ஆங்கிலேயர் தரை விரிப்பாகச் செய்த பொருள் லினோலியம். இதில் என்னை மகிழ்வித்த ஒரு விஷயம், அதன் அடிப்படையும் ஆளி விதை எண்ணெய்தான். எண்ணெயை ஆக்சிஜனேற்றம் செய்து கெட்டியாக்கி, கார்க் தூள் சேர்த்து, சணல் துணியில் படியவைத்தது. அச்சு மையிலும் பெரும்பாலும் அதே எண்ணெய். கேன்வாஸில் ஈரமாக இருந்து முடிவே எடுக்கவிடாத அந்த எண்ணெய், இங்கே இறுகிப்போய் ஒவ்வொரு வெட்டையும் கடைசி வெட்டாக்கிவிடுகிறது.

லினோவில் வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. நடுவில் ஒன்றும் கிடையாது. கரியில் நான் வளர்த்துக்கொண்ட சாம்பல் நிறங்கள் எல்லாம் இங்கே செல்லாது. கட்டைவிரலின் சதை மேட்டில் மெல்ல மெல்ல இறங்குகிற நிழலை என்ன செய்வது? ஒன்று, அதைக் கறுப்பு என்று முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் வெள்ளை. அதுவும் இல்லையென்றால் வடிவத்தைச் சுற்றி வளைகிற கோடுகளாக அந்த நிழலை எழுத வேண்டும். வி வடிவ உளியைத் தாழ்வாகப் பிடித்து மெதுவாகத் தள்ளினால் சுருளாக ஒரு இழை எழும்பிவரும். உளியைக் கொஞ்சம் அழுத்தினால் கோடு தடிக்கும், கையைத் தளர்த்தினால் மெலிந்து முடியும். லினோவைச் சற்றுச் சூடாக்கிக்கொண்டால் வெண்ணெய்போல வெட்டும். குளிர்ந்திருந்தால் ஓரம் உதிரும். ஒரு விரல் மடிப்புக்கு மூன்று கோடா நான்கு கோடா என்பதை வெட்டுவதற்கு முன் பேனாவால் போட்டுப் போட்டுப் பார்த்தேன். அத்தனை நாள் கரியில் வரைந்தபோது ஒருமுறைகூட அந்த மடிப்பை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. எண்ண வேண்டிய தேவையைக் கரி தரவில்லை.

அப்புறம் அந்தத் தலைகீழ் விஷயம். அச்சில் எல்லாம் இடவலமாகத் திரும்பும். தெரிந்துதான் என் இடது கையை அப்படியே லினோவில் ஏற்றினேன், எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று. தாளை உரித்து எடுத்தபோது வந்தது ஒரு வலது கை. என் ஆள்காட்டி விரலில் இருக்கிற பழைய தழும்பு அதில் இருந்தது, ஆனால் தழும்பே இல்லாத கையில். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்த ஒன்றை முதல்முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது. செப்புத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தால் அரிக்கவிட்டு அச்செடுக்கிற எச்சிங் வேலை செய்தவர்களுக்கு இது அன்றாட வேலை. கண்ணாடியைப் பார்த்து ஒருவர் தன் முகத்தைத் தகட்டில் வரைந்தால், கண்ணாடி ஒருமுறை திருப்புகிறது, அச்சு இன்னொருமுறை திருப்புகிறது. கடைசியில் தாளில் இருப்பது மற்றவர்கள் பார்க்கிற முகம். வரைந்தவர் தானாகப் பார்த்திராத முகம்.

ஒரே லினோவைப் பகுதி பகுதியாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறத்தை அச்சிடுகிற முறை இன்னும் கறாரானது. முதலில் கொஞ்சம் வெட்டி மஞ்சள், அதே லினோவில் மேலும் வெட்டிச் சிவப்பு, மேலும் வெட்டிக் கறுப்பு. கறுப்புக்கு வரும்போது மஞ்சளுக்கான பரப்பு இருக்காது, வெட்டி எறியப்பட்டிருக்கும். பிறகு இன்னும் சில பிரதிகள் வேண்டும் என்றால் முடியாது. எத்தனை பிரதி என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிக்காசோ 1950களின் கடைசியில் இந்த முறையில் நிறைய வேலை செய்தார். இதைவிடக் கண்டிப்பான ஊடகம் ஒன்றை நான் இதுவரை தொட்டதில்லை.

ஒரு ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதை நம்மில் பலர் அலைபாய்தல் என்று நினைக்கிறோம். எனக்கு அந்த எண்ணத்தைக் கலைத்தவர் ஜெர்மன் கலைஞர் கேட்டே கோல்விட்ஸ். 1919 ஜனவரியில் சோஷலிசத் தலைவர் கார்ல் லீப்னெக்ட் கொல்லப்பட்டபோது, பிணவறைக்குப் போய் அவர் உடலைப் பார்த்து வரைந்தார். அஞ்சலி செலுத்த வந்த தொழிலாளர்களோடு சேர்த்து அதை ஒரு அச்சாக்க நினைத்தார். முதலில் எச்சிங். சரிவரவில்லை. பிறகு கல்லில் வரைந்து அச்செடுக்கிற லித்தோகிராஃப். அதுவும் திருப்தி தரவில்லை. அதற்குள் எச்சிங்கிலும் லித்தோவிலும் பேர்பெற்ற கலைஞர் அவர். 1920இல் எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளைப் பார்த்தார். தான் அதுவரை தொடாத அந்த ஊடகத்தை ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கையில் எடுத்தார். லீப்னெக்ட் நினைவு அச்சு மரச்செதுக்காகத்தான் முடிந்தது. முதல் உலகப் போரில் தன் மகனை இழந்த அந்தத் தாய், போரைப் பற்றிச் செய்த வரிசையையும் மரத்திலேயே வெட்டினார். குனிந்து நிற்கும் அந்தத் தொழிலாளர்களைப் பார்த்தால் காரணம் புரியும். எச்சிங்கின் நுண்கோடுகளில் துக்கம் விவரங்களாகப் பிரிந்துபோயிருக்கும். மரத்தில் அது ஒரே கறுப்பாக நிற்கிறது.

வங்காளக் கலைஞர் சோமநாத் ஹோரின் 'காயங்கள்' வரிசையும் எனக்கு இதையே சொல்கிறது. 1943 வங்காளப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். 1970களில் அவர் செய்த அந்த அச்சுகளில் மையே இல்லை. களிமண் பரப்பில் கத்தியால் கீறி, அதிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்து, காகிதக் கூழை அதில் அழுத்தினார். வெள்ளைக் காகிதத்தின் உடம்பிலேயே கீறலும் வீக்கமும் இருக்கும். காயத்தை அவர் வரையவில்லை. காகிதத்துக்கே காயம் பட்டிருக்கிறது. அதை எண்ணெய் வண்ணத்தில் செய்திருந்தால் காயத்தின் படமாகத்தான் இருந்திருக்கும்.

களிமண்ணில் என் திட்டத்துக்கே ஒரு தடை வந்தது. இரண்டு கையும் மண்ணில் இருக்கும்போது மாடலாக உட்கார கை ஏது? பார்த்து வரைய வழியில்லை. இடது கையை வலது கையாலும், வலது கையை இடது கையாலும் தொட்டுத் தொட்டுத்தான் செய்ய வேண்டியிருந்தது. அப்போதுதான் விரல்கள் உருளையாக இல்லை, உள்பக்கம் மெத்தென்றும் வெளிப்பக்கம் தட்டையாகவும் இருக்கின்றன என்று கைக்குத் தெரிந்தது. கண்ணுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி 1950களில் பார்வையை முழுதாக இழந்த பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார், சிற்பம் செய்தார், 1972இல் சாந்திநிகேதனின் கலா பவனத்தில் ஓடுகளால் ஒரு பெரிய சுவரோவியத்தையே அமைத்தார். விரல்களுக்கு வடிவத்தைப் பற்றிச் சொல்லத் தனியாக ஒரு அறிவு இருக்கிறது என்பதை அவர் வேலையைப் பார்த்தபோது ஒப்புக்கொண்டிருந்தேன். மண்ணைத் தொட்டபோது நம்பினேன்.

களிமண்ணின் முடிவு நேரமும் விசித்திரமானது. ஈரமாக இருக்கும்வரை எதையும் மாற்றலாம். காய்ந்த பிறகும் தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடி சேறுதான், முதலிலிருந்து தொடங்கலாம். சூளையில் 600 டிகிரியைத் தாண்டியதும் மண்ணின் கட்டமைப்பில் இருக்கிற நீரும் போய்விடும். அதற்கப்புறம் அது திரும்பவும் மண்ணாகாது. அந்தக் கடைசி முடிவு நடக்கும்போது நாம் பக்கத்தில்கூட இருப்பதில்லை. கதவு மூடியிருக்கும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் நீராவி வெடித்துவிடும், அதனால் தடித்த உள்ளங்கையைக் குடைந்து எடுத்து, நிதானமாக உலரவிட்ட பிறகுதான் சுடக் கொடுக்க வேண்டும்.

டிஜிட்டலைப் பற்றிக் கேட்பார்கள். நான் டேப்லெட்டிலும் வரைகிறேன், விரும்பியே வரைகிறேன். நிறச் சேர்க்கைகளை முயன்று பார்க்க அதைப்போல வேகமானது இல்லை. ஆனால் போட்டதை ஒரு தட்டில் திரும்பப் பெறுகிற அன்டூ இருக்கும்போது என் கோடு வேறு மாதிரி வருகிறது. கை முழுதாக இறங்குவதில்லை. லினோ வெட்டிவிட்டு வந்த வாரங்களில் டேப்லெட்டில் போட்ட கோடுகள் மட்டும் தெளிவாக இருந்தன. அதனால் பள்ளியிலேயே டேப்லெட்டில் தொடங்குகிற தம்பி தங்கைகளிடம், இடையிடையே திரும்பப் பெறமுடியாத ஏதாவது ஒன்றையும் செய்யுங்கள் என்று சொல்லி வருகிறேன். மையும் பேனாவும் போதும்.

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார், அதில் உண்மையும் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் ஒரு தோல் நிறத்தைச் சரியாகக் கலக்கவே ஆண்டுகள் வேண்டும். மேலோட்டமாகத் தொட்டுவிட்டு ஓடுகிறவருக்கு எந்தப் பொருளும் தன்னைக் காட்டாது. அதனால்தான் ஒரே கையை எடுத்துக்கொண்டேன். பொருள் மாறும்போது பாடமும் மாறிக்கொண்டே இருந்தால் இரண்டையுமே பார்க்க முடியாது. ஆனாலும் அவரோடு நான் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். லினோவுக்குப் பிறகு என் கரிப் படங்கள் மாறின. நிழலுக்குள் சும்மா மிதந்துகொண்டிருந்த விரல்களுக்கு எலும்பு வந்தது. நீர்வண்ணத்துக்குப் பிறகு எண்ணெயில் எங்கே நிறுத்துவது என்று கொஞ்சம் தெரிந்தது, ஏனென்றால் வெளிச்சத்தை முதலிலேயே முடிவு செய்துகொண்டு தொடங்கினேன். ஒரு மரத்தை வெட்டக் கற்றதில் இன்னொரு மரம் உதவியிருக்கிறது.

அடுத்த பருவத்துக்குச் சிறப்புப் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிண்ட்மேக்கிங் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். லினோவுக்காக மட்டும் இல்லை. பட்டறையில் ஒரு லித்தோ கல் இருக்கிறது. அலாய்ஸ் செனஃபெல்டர் 1796 வாக்கில் கண்டுபிடித்த முறை அது: சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள பென்சிலால் வரைந்து, கல்லைப் பக்குவப்படுத்தி, நனைத்து, எண்ணெய் மையை உருட்டினால், மை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும், ஈரமான இடத்தில் ஒட்டாது. வெட்டவே வேண்டாம். கல்லின் மேல் அந்தப் பென்சில் கரியைப் போலவே சொரசொரவென்று சாம்பல் நிறங்களைக் கொடுக்குமாம். ஆனால் போட்டது போட்டதுதான்: விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்குகூட அச்சில் வந்துவிடும் என்பதால் கல்லைத் தொடாமல், கைக்கு அடியில் ஒரு குறுக்குப் பலகை வைத்துக்கொண்டு வரைய வேண்டும். கரியின் மென்மையும் லினோவின் கண்டிப்பும் ஒரே இடத்தில். இப்போதைக்குக் கல்லை மணலிட்டுத் தேய்த்துச் சமப்படுத்தப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லை வைத்து எட்டுப் போடுவதுபோலச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும், ஓரமும் நடுவும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை.